ஓடினாரா, தப்பினாரா?

ஆங்கிலத்தில் ஒருவர் இடம்பெயர்வதைச் சொல்ல நூற்றுக்கு மேல் வினைச்சொற்கள் உண்டு. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி பள்ளிக்கூடத்தில் அரை மார்க் விவகாரம். நீதிமன்றத்தில் அதன் விலை பத்தாண்டு வரை போகலாம்.

2024 புத்தாண்டு பிறந்த கையோடு பல மாநிலங்களில் லாரிகள் ஓடவில்லை. டாங்கர்கள் வராது என்ற பீதியில் பெட்ரோல் பங்குகளில் ஸ்கூட்டர்களும் கார்களும் தெருமுனை வரை வரிசை கட்டின. சண்டிகர் நிர்வாகம் இரு சக்கர வண்டிக்கு 2 லிட்டர், காருக்கு 5 லிட்டர் என்று ரேஷனே போட்டது. டிரைவர்களின் கோபமெல்லாம் சில நாட்களுக்கு முன் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு மீது.

கண்மூடித்தனமாகவும் அஜாக்கிரதையாகவும் வண்டி ஓட்டி ஒருவர் சாவுக்குக் காரணமான டிரைவர், உடனடியாகப் போலீஸுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தகவல் தராமல் சென்றுவிட்டால் பத்தாண்டு வரை சிறை என்கிறது அது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அஜாக்கிரதையால் நேரும் மரணத்துக்கு உச்சபட்ச தண்டனை இரண்டாண்டு. ஜனவரி 2ஆம் தேதி இரவு உள்துறை அமைச்சகம் அகில இந்திய மோட்டார் டிரான்ஸ்போர்ட் காங்கிரஸுடன் பேசியது. கலந்தாலோசிக்காமல் இந்தப் பிரிவு அமலாகாது என்று உறுதி தந்தது. லாரிகள் மறுபடி ஓடின. 2024 ஜூலை 1ல் புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள்.

பத்தாண்டு என்ற எண்ணைப் பற்றி ஊரெல்லாம் பேசியது. அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. மேலே 'சென்றுவிட்டால்' என்று நாம் சாதுவாகச் சொன்ன இடத்தில் சட்டத்தின் ஆங்கில வடிவம் வைத்திருக்கும் சொல் 'எஸ்கேப்'. 'லீவ்' என்று போட்டிருக்கலாம். அது வெறுமனே இடத்தை விட்டுப் போவது, அதில் குற்றமும் இல்லை, பயமும் இல்லை. 'ஃப்ளீ' என்று போட்டிருக்கலாம். அது ஆபத்தைக் கண்டு ஓடுவது. நெருப்பு, வெள்ளம், கலவரம் எல்லாவற்றிலிருந்தும் ஜனங்கள் செய்வது அதுதான். 'எஸ்கேப்' அப்படியல்ல. அதற்கு ஒரு பிடி வேண்டும், பிடியிலிருந்து நழுவ வேண்டும். பழைய தண்டனைச் சட்டம் 224வது பிரிவில் இந்தச் சொல்லைச் சட்டபூர்வமான காவலில் இருந்து தப்புவதற்குப் பயன்படுத்தியது. நெடுஞ்சாலையில் நடுராத்திரி விபத்து நடந்த இடத்தில் டிரைவரை யாரும் பிடித்துவைத்திருக்கவில்லை. அப்படியானால் எதிலிருந்து எஸ்கேப்?

கூட்டத்திடமிருந்து என்பது டிரைவர்களின் பதில். நின்றால் அடித்தே கொன்றுவிடுவார்கள், வண்டியைக் கொளுத்திவிடுவார்கள் என்கிறார்கள். இது கற்பனைப் பயம் அல்ல என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134வது பிரிவு, காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமல் போனால் விலக்கு அளிக்கிறது. அங்கே போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் தகவல் சொன்னால் போதும் என்றும் சொல்கிறது. ஒரு சட்டத்தின் கண்ணில் அவர் உயிருக்குப் பயந்து விலகியவர். இன்னொன்றின் கண்ணில் தப்பியவர். ஓட்டம் என்னவோ ஒன்றுதான்.

மறுபக்கம் செத்தவரின் குடும்பம் இருக்கிறது. மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 30,000க்கு மேற்பட்டவர்கள் 'ஹிட் அண்ட் ரன்' என்று வகைப்படுத்தப்பட்ட விபத்துகளில் போனவர்கள். அந்தக் குடும்பங்களுக்கு 'சென்றுவிட்டார்' என்ற சாதுவான சொல்லைக் கேட்கச் சகிக்காது. தப்பிவிட்டார் என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

தமிழில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. 'ஓடிவிட்டார்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். பந்தயத்தில் ஓடுவதும் பயந்து ஓடுவதும் நமக்கு ஓடுவதுதான். இந்திக்காரர்கள் பிரித்துவைத்திருக்கிறார்கள்: 'தௌட்னா' என்றால் கால்களின் வேகம், 'பாக்னா' என்றால் பெரும்பாலும் எதையோ விட்டு விலகும் ஓட்டம். தமிழில் அந்த வேலையைத் துணைவினை செய்கிறது. ஓடினார், ஓடிவந்தார், ஓடிவிட்டார், ஓடிப்போனார். இதில் கடைசிச் சொல்லுக்கு வேகமே தேவையில்லை என்பது வேடிக்கை. காதலர்கள் ரயிலில் ரிசர்வேஷன் செய்து, படுத்துத் தூங்கிக்கொண்டே பம்பாய் போய்ச் சேர்ந்தாலும் ஊர் சொல்வது ஓடிப்போனார்கள் என்றுதான்.

ஆங்கிலம் இப்படித் துணைவினையை நம்பி இருப்பதில்லை; வினைக்குள்ளேயே எல்லாவற்றையும் திணித்துவிடும். பெத் லெவின் என்ற மொழியியலாளர் 1993ல் ஆங்கில வினைகளை வகைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார். நகரும் விதத்தைச் சொல்லும் வினைகளுக்கு அதில் ஒரு பட்டியல் உண்டு. அதுவே நூறைத் தாண்டுகிறது. நடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, 'ஸ்ட்ரோல்' என்றால் காற்று வாங்க நடப்பது, 'சான்டர்' என்றால் அவசரம் எதுவும் தனக்கில்லை என்று காட்டிக்கொண்டு நடப்பது, 'டிரட்ஜ்' என்றால் களைத்துப்போய்க் காலை இழுத்துப் போட்டு நடப்பது. 'டாட்டர்' தள்ளாத கிழவருக்கும் நடை பழகும் குழந்தைக்கும் உரியது. 'ஸ்டம்பிள்' கால் இடறுவது. 'ஸ்டேகர்' இப்போதோ பின்னாலோ விழப்போகிறவரின் நடை. அடிபட்டவர் அப்படி நடப்பார், குடித்தவரும் அப்படி நடப்பார். தமிழில் 'தள்ளாடி வந்தார்' என்றால் முதுமை, நோய், போதை எதுவாகவும் இருக்கலாம். அதுவே ஆங்கிலப் பதிவில் 'ஸ்டேகர்' என்று ஏறிவிட்டால் வாசிப்பவர் மனதில் முதலில் வந்து நிற்பது பாட்டிலாகத்தான் இருக்கும்.

இதற்காகத் தமிழை ஏழை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தவழ், ஊர், உலாவு, நொண்டு, தத்து, தாவு என்று நம்மிடமும் இருக்கின்றன. விறுவிறு, குடுகுடு, சரசர என்று இரட்டைக்கிளவியில் நாம் காட்டும் நடைகளை ஆங்கிலத்தில் சொல்லப் பெரும்பாடு பட வேண்டும். வித்தியாசம் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை, வாக்கியத்தில் எது எங்கே உட்காருகிறது என்பதில். அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985ல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் நகரும் விதம் வினையாக உட்கார்ந்துகொள்கிறது. திசையை 'இன்', 'அவுட்', 'அப்' போன்ற குட்டிச் சொற்கள் பார்த்துக்கொள்கின்றன. தமிழிலும் இந்தியிலும் திசையே வினை: ஏறு, இறங்கு, நுழை, வெளியேறு, கட, திரும்பு. விதத்தைச் சொல்ல வேண்டுமானால் முன்னால் ஒன்றைச் சேர்க்கிறோம். ஓடி நுழைந்தார். பதுங்கி வெளியேறினார். சேர்க்க வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், வாக்கியம் குறைபடாது.

'கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்' என்று இந்தியாவே பேசுவதற்கு வேரும் இதுதான். நமக்கு அது இறங்கு, இந்தியில் 'உதர்னா'. இரண்டும் கீழ் நோக்கிய வினைகள். ஆங்கிலேயர் பஸ்ஸில் இருந்து 'கெட் ஆஃப்' ஆவார், காரில் இருந்து 'கெட் அவுட்' ஆவார். எழுந்து நின்று நடமாட இடமுள்ள வண்டிகளுக்கு ஒரு கணக்கு, உடம்பைக் குறுக்கி உட்காரும் வண்டிகளுக்கு இன்னொரு கணக்கு. இதை எழுதுபவருக்குப் பள்ளி நாட்களில் இந்த 'டவுன்' ஒன்றுக்காக அரை மார்க் போனது இன்னும் ஞாபகம் இருக்கிறது. போனால் போகட்டும்.

நீதிமன்றத்தில் போவது அரை மார்க்கோடு நிற்பதில்லை. சென்னையில் 1960ல் நடந்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள். 18 வயது நிறையச் சில வாரங்களே இருந்த கல்லூரி மாணவி, காதலருக்குத் தானே போன் செய்து, இன்ன இடத்துக்கு வா என்று சொல்லி, உறவினர் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போனார். இருவரும் பதிவாளர் அலுவலகம் சென்று திருமண ஒப்பந்தத்தைப் பதிவு செய்தார்கள். பிறகு பல ஊர்களுக்குப் போனார்கள். மைனர் பெண்ணைக் கடத்தியதாக இளைஞர் மீது வழக்கு. மைனரைப் பாதுகாவலரிடமிருந்து 'டேக்' செய்வது, அதாவது கொண்டுபோவது, அல்லது ஆசைகாட்டி இழுப்பது குற்றம் என்கிறது சட்டம். கீழ்க் கோர்ட்டுகளில் அவருக்குத் தண்டனை. 1964ல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒருவரை 'டேக்' செய்வது வேறு, அவர் தன்னோடு 'அக்கம்பெனி' செய்ய, கூட வர, அனுமதிப்பது வேறு என்றது தீர்ப்பு. விவரம் தெரிந்த வயதில், தானே முடிவெடுத்து, தானே வீட்டை விட்டு வந்த பெண்ணை அவர் 'கொண்டுபோகவில்லை'. தமிழில் இது கூட்டிக்கொண்டு போனான் என்பதற்கும் கூடப் போனாள் என்பதற்கும் உள்ள தூரம். வாக்கியத்தின் எழுவாயே மாறிவிடுகிறது. அன்றைக்குச் சொன்ன அந்த வேறுபாட்டை இத்தகைய வழக்குகளில் வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இதைவிட விசித்திரமானது 'அப்ஸ்காண்ட்'. காதில் விழும்போதே யாரோ எல்லை தாண்டி ஓடுவது போலிருக்கும். ஆனால் அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் ஒளிந்துகொள்வது. 1881ல் சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தீர விசாரித்தது. அப்ஸ்காண்ட் ஆவதற்கு ஒருவர் இருந்த இடத்தை விட்டு நகர வேண்டிய அவசியமே இல்லை, சொந்த இடத்திலேயே தன்னை மறைத்துக்கொண்டாலும் போதும் என்றது. நகர்வதைச் சொல்வதாக எல்லோரும் நம்பும் ஒரு வினைக்கு, நகராமலே இருக்கலாம் என்று பொருள்! இந்த இடத்தில் தமிழைப் பாராட்ட வேண்டும். 'தலைமறைவு' என்ற நம் சொல்லில் ஓட்டமே கிடையாது, மறைவு மட்டும்தான். இந்தியில் புழங்கும் 'ஃபரார்' அரபியிலிருந்து வந்தது. அதன் அடிப்படை ஓட்டம். ஆக, ஒரே மனிதர் தில்லிப் பத்திரிகையில் ஓடிக்கொண்டும் சென்னைப் பத்திரிகையில் ஒளிந்துகொண்டும் இருக்கிறார்.

ஓடியவரெல்லாம் குற்றவாளியா? இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1971ல் ஒரு கொலை வழக்கில் சொல்லியிருக்கிறது. தவறாகச் சந்தேகிக்கப்படும் நிரபராதிகூட மிரண்டுபோய் விலகி நிற்கலாம். தலைமறைவை மட்டும் வைத்துக் குற்ற மனம் இருந்ததாக முடிவு கட்டக்கூடாது. ஆனால் அந்த நடத்தையைச் சாட்சியமாகக் கணக்கில் எடுக்கலாம். எவ்வளவு கனம் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. சூழ்நிலை நீதிபதிக்குத் தெரியவருவதோ சாட்சியின் வாயிலிருந்து, அதிலும் எழுதியவரின் வினைச்சொல் வழியாக.

வேகத்தின் கதையும் அப்படித்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974ல் செய்த சோதனை உலகெங்கும் சட்ட மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. 45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக்காட்டிவிட்டு வேகம் என்ன என்று கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, வினைச்சொல் மட்டும் வேறு. கார்கள் 'ஸ்மாஷ்' ஆனபோது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். 'ஹிட்' என்று கேட்கப்பட்டவர்களுக்கு 34 மைல். 'கான்டாக்ட்' என்றபோது 31.8. பார்த்தது ஒரே படங்கள். அடுத்த சோதனையில் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றார்கள். 'ஸ்மாஷ்' கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். 'ஹிட்' கேட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

தமிழில் இந்த இடத்தில் நாம் எடுக்கும் பொதுச் சொல் 'மோது'. அதற்கு மேல் வேண்டுமானால் உரசியது, தட்டியது, இடித்தது, மோதி நொறுங்கியது என்று தரம் பிரிக்கலாம். 'லாரி வந்து மோதிச்சு' என்று ஒருவர் சொன்னால், அதை எந்தத் தரத்தில் வைப்பது என்பது மொழிபெயர்ப்பவர் கையில்.

1998ல் கர்நாடகத்தில் இருந்து உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு லாரி விபத்து வழக்கு இங்கே பொருத்தமானது. லாரி 'ஹை ஸ்பீடில்' வந்தது என்றார்கள் சாட்சிகள். அதிக வேகம் என்பது ஒப்பிட்டுச் சொல்லும் வார்த்தை, எவ்வளவு வேகம் என்று தோராயமாகக்கூட எந்தச் சாட்சியும் சொல்லவில்லை, அந்த வார்த்தையை மட்டும் வைத்து அஜாக்கிரதை என்று முடிவு செய்ய முடியாது என்றது நீதிமன்றம். டிரைவர் விடுதலையானது நின்றது. அதற்குப் பிறகு எத்தனையோ விபத்து வழக்குகளில் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது.

ஸ்பானிய மொழி பேசுபவர்களிடம் கலிபோர்னியப் போலீஸ் எடுத்த வாக்குமூலங்களை லூனா ஃபிலிபோவிச் என்ற மொழியியலாளர் ஆராய்ந்திருக்கிறார். ஸ்பானியமும் நம்மைப் போலத் திசையை வினையில் வைக்கும் மொழி. ஆங்கிலத்துக்கு வரும்போது, பேசியவர் சொல்லாத 'விதம்' வினையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதை அவர் சுட்டிக்காட்டினார். மொழிபெயர்ப்பாளர் பொய் சொல்லவில்லை. ஆங்கிலம் சரளமாக இருக்க வேண்டும் என்று பார்த்தார், அவ்வளவுதான். கையிலிருந்தது 'விழுந்துவிட்டது' என்பதற்கும் 'போட்டுவிட்டேன்' என்பதற்கும் இடையே நாம் காட்டும் நுணுக்கத்தைப் போன்ற ஒன்றும் அங்கே இப்படித்தான் அடிபட்டுப்போகிறது.

இந்தியாவில் இது நாள்தோறும் நடக்கும் வேலை. அரசியல் சட்டத்தின் 348வது பிரிவுப்படி உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். சில விதிவிலக்குகள் தவிர உயர் நீதிமன்றங்களுக்கும் அதுவே. கீழ்க் கோர்ட்டில் தமிழிலோ இந்தியிலோ வங்காளத்திலோ சொன்னது அப்பீலுக்குப் போகும்போது ஆங்கிலம் ஆக வேண்டும். தில்லி போன்ற இடங்களில் அந்த மாற்றம் கீழ்க் கோர்ட்டிலேயே நடந்துவிடுவது சகஜம்: சாட்சி இந்தியில் பேசுவார், நீதிபதி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஸ்டெனோ டைப் செய்வார். நகைச்சுவை என்னவென்றால், சட்டமே கையாளும் 'டிரைவ்', 'ரைட்' என்ற இரண்டு சொற்களுக்கும் (ஒன்று உள்ளே உட்கார்ந்து ஓட்டுவது, மற்றது மேலே ஏறிச் செல்வது) தமிழ்ச் சாட்சியிடம் இருப்பது ஒரே 'ஓட்டு'தான். அதுவும் 'ஓடு' என்பதன் பிறவினை.

தில்லியில் ஒரு விபத்தைப் பார்த்த தமிழர் ஒருவர் கூண்டில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இந்தி அரைகுறை, ஆங்கிலம் அதைவிடக் குறைவு. மொழிபெயர்க்க ஒருவர் பக்கத்தில் நிற்கிறார். 'டிரைவர் கதவைத் திறந்துகிட்டு இறங்கி அந்தப் பக்கமா போயிட்டாருங்க' என்கிறார் சாட்சி. விதம் எதுவும் அதில் இல்லை. இறங்கினார், போனார். மொழிபெயர்ப்பவரின் வாயில் அது 'ஜம்ப்டு அவுட் அண்ட் ஃப்ளெட்' ஆகிறது. குதித்தார், ஓட்டம் பிடித்தார். டைப் ஆகிறது.

இப்படி நேரக்கூடாது என்பதற்குச் சட்டத்தில் ஒரு காப்பு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 278வது பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 313. சாட்சியத்தை முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தவறு இருந்தால் திருத்த வேண்டும். பதிவின் மொழி அவருக்குப் புரியாது என்றால் புரியும் மொழியில் விளக்க வேண்டும். நம் சாட்சிக்கும் விளக்குகிறார்கள். மொழிபெயர்ப்பவர் தாளைப் பார்த்து, அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கிக் கேட்கிறார்: 'டிரைவர் இறங்கிப் போயிட்டார்னு சொன்னீங்க. சரிதானே?'

சரிதாங்க என்று சாட்சி தலையாட்டுகிறார்.